தனுஷ்கோடி வெயிலில் தோள் வெந்துவிட்டது: தயிரா, கற்றாழையா, எதைத் தடவலாம்?

நெய்தல்மகள் | ஞாயிறு, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். என் கொழுந்தனாரும் அவருடைய கல்லூரி நண்பர்களும் நேற்று தனுஷ்கோடி போய் வந்தார்கள். காலை பத்து மணிக்கு அரிச்சல்முனையில் இறங்கியவர்கள், பிற்பகல் மூன்று மணி வரை கடலிலும் மணலிலுமாக இருந்திருக்கிறார்கள். மேலே பனியன்கூட இல்லை. சாயங்காலம் ராமநாதபுரம் வந்து சேரும்போது "லேசாகச் சூடு தெரிகிறது" என்றார், அவ்வளவுதான். நள்ளிரவுக்கு மேல் தூங்கவே முடியவில்லை. இரண்டு தோளும் முதுகின் மேல்பாதியும் தொட்டால் கொதிக்கிறது. சட்டை பட்டாலே துடிக்கிறார். கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை, தலைவலி மட்டும் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். அத்தை தயிர் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் கலந்து போட்டால் எரிச்சலும் போகும், கருப்பும் இறங்கும் என்கிறார். கூடப் போன பையன் ஒருவன் பற்பசை தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். இன்று ஞாயிறு, பக்கத்தில் எந்த கிளினிக்கும் திறக்கவில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டுசிஸ்டர் | காலை 7.35

எலுமிச்சை, பற்பசை இரண்டும் அவர் பக்கத்திலேயே வர வேண்டாம். காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். தோலுக்குள் தங்கியிருக்கும் சூட்டை இறக்குவதுதான் இப்போது வேலை.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்கச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும். மேல்தொட்டித் தண்ணீர் இந்த மாதத்தில் பத்து மணிக்கே சுடும், அதனால் இப்போதே இரண்டு மூன்று வாளி பிடித்து நிழலில் வையுங்கள். தோளில் மக்கால் மெதுவாக ஊற்றட்டும், பத்து பதினைந்து நிமிடம். சோப்பு வேண்டாம், தேய்க்கவே வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஏதாவது பூசலாம். அதற்கு மேல் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து போட்டு வையுங்கள். சூடேறினால் மறுபடி நனையுங்கள். நாள் முழுக்க விட்டுவிட்டு இதையே செய்யலாம்.

தலைவலி பெரும்பாலும் நீர் வற்றியதால் வருவது. வெந்த தோல் பக்கம் உடம்பின் நீர் இழுபடும், போதாததற்கு ஐந்து மணி நேர வியர்வை. உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், கஞ்சித் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சிறுநீர் வெளிறிய நிறத்துக்கு வரும் வரை விடாதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் நீர் வற்றிய உடம்பிலும், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வெறும் வயிற்றிலும் அதை எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று. வெயில் பட்ட சில மணி நேரம் கழித்துத்தான் இது தெரியத் தொடங்கும். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதனால் மதியம் வரை இன்னும் கூடினாலும் பயந்துவிட வேண்டாம். அதன் பிறகு இறங்கத் தொடங்கும், நாலைந்து நாளில் தோல் உரியும்.

ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், பேச்சில் குழப்பம், முதுகு முழுக்கப் பெரிய கொப்புளம், சீழ், இதில் எது வந்தாலும் ஞாயிறு என்று பார்க்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இப்படி ஆகியிருந்தால் எதையும் எதிர்பார்க்காமல் உடனே போக வேண்டும்.

கடலாடிக்காரன் | காலை 7.52

பற்பசை ஏன் கூடாது சிஸ்டர்? எங்கள் பக்கம் எண்ணெய் தெறித்தாலும் அதுதான், வெயிலில் வெந்தாலும் அதுதான். தடவியதும் ஜில்லென்று இருக்கிறதே.

வேதியியல்வாத்தியார் | காலை 8.20

அந்த ஜில் என்பது புதினா உப்பு செய்கிற வேலை தம்பி. மென்தால் என்பார்கள். குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடும், தோலின் வெப்பம் அதனால் குறையாது. பற்பசையில் பல்லைத் தேய்க்க நைசான சுண்ணப் பொடி அல்லது சிலிக்கா இருக்கும், நுரைக்க சோப்பு மாதிரியான பொருள் இருக்கும். இரண்டும் வெந்த தோலை எரிச்சலூட்டும். காய்ந்ததும் ஓடு போலப் பிடித்துக்கொள்ளும், அதைக் கழுவி எடுக்கத் தேய்த்தே ஆக வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் தோல் கிழியும். அந்தப் பையனிடம் இப்போதே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

எலுமிச்சை இதைவிட மோசம், அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். எலுமிச்சை வகைப் பழங்களில், அதிலும் தோலில், ஃப்யூரோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. அவை நம் தோலில் பட்டு, அதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால், தோல் செல்களோடு வேதிவினை நடந்து காயமாகும். ஓரிரு நாள் கழித்துச் சிவந்து கொப்பளிக்கும். பிறகு பழுப்புக் கறையாக வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் நிற்கும். கருப்பு இறங்கப் போடுவது கருப்பைக் கூட்டிவிட்டுப் போகும். திருவிழாவில் சர்பத் கடை போடுகிறவர்கள் கையைப் பார்த்தால் சில சமயம் இந்தக் கறை இருக்கும்.

இதே குடும்பத்துப் பொருள் நம் வீட்டிலேயே இன்னொன்றில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: கார்போகரிசி. நலங்கு மாவு, குளியல் பொடி அரைக்கும்போது பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு இதையும் சேர்ப்பார்கள். அதிலுள்ள சோராலென், தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் கார்போகரிசியை வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். தெரிந்த மருத்துவர் அளவோடு செய்யும்போது அது மருந்து. அதே பொடியைத் தேய்த்துக் குளித்துவிட்டு நடுப்பகலில் கடற்கரைக்குப் போனால் புண். தோல் வெந்திருக்கும் நாட்களில் எந்தக் குளியல் பொடியும் வேண்டாம், கடலை மாவும் வேண்டாம்.

தேவகோட்டைஆச்சி | காலை 8.45

பிள்ளைக்குச் சோற்றுக்கற்றாழை போடுங்கம்மா, வேறெதையும் தேட வேண்டாம். ஆனால் அதை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. இப்போது பாதிப் பேர் மடலை ஒடித்து அப்படியே தேய்க்கிறார்கள், அரிக்கிறது என்று கற்றாழையைக் குறை சொல்கிறார்கள்.

அடியில் இருக்கும் முற்றின மடலாக ஒன்றை வெட்டுங்கள். வெட்டிய முனை கீழே பார்க்க ஒரு கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தினால் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் அரிப்பைக் கொடுப்பது. கால் மணி நேரமாவது வடியட்டும். பிறகு இரு பக்க முள்ளையும் சீவி, மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து, வழவழப்பும் கசப்பும் போக ஐந்தாறு தண்ணீரில் அலசுங்கள். கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை மசித்து, முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அரிப்போ தடிப்போ இல்லையென்றால் தோளில் தாராளமாகப் போடலாம். கொஞ்ச நேரம் ஃப்ரிஜ்ஜில் வைத்துப் போட்டால் இன்னும் இதம். காயக் காய அலசிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

இரவு படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். நாங்கள் எல்லாம் அதில்தான் வளர்ந்தோம்.

வார்டுசிஸ்டர் | காலை 9.05

ஆச்சி, கற்றாழையை நீங்கள் சொன்ன மாதிரி யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஐந்தாறு தண்ணீரில் அலசுவதுதான் அதில் உயிர். எண்ணெயில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தோல் கொதித்துக்கொண்டிருக்கும் முதல் நாளில் எண்ணெய், நெய், வெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். அது மேலே மூடி போல உட்கார்ந்து சூட்டை வெளியே விடாது. தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகு, தோல் இழுக்கத் தொடங்கும்போது, தேங்காய் எண்ணெய் நல்ல காவல்தான். ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

தேவகோட்டைஆச்சி | காலை 9.20

கோபம் என்னம்மா, வைத்தியம் பார்க்கிற பிள்ளை சொல்கிறாய். ஆனால் எங்கள் அப்பத்தா வெயிலில் வயலுக்குப் போகும்முன் எண்ணெய் தடவிக்கொண்டுதான் போவார். வெயில் தாக்காது என்பார். அதுவும் தப்பா?

வேதியியல்வாத்தியார் | காலை 9.48

வெயிலைத் தடுக்கும் வேலைக்கு எண்ணெயை நம்ப முடியாது ஆச்சி. தேங்காய் எண்ணெய் வறட்சியைத் தடுக்கும், உப்புக் காற்றில் தோல் வெடிக்காமல் காக்கும், அதனால் 'தாக்கவில்லை' என்று தோன்றியிருக்கும். எரிக்கும் கதிரில் பெரும்பகுதி அதைத் தாண்டி உள்ளே போய்விடும். அப்பத்தாவைக் காத்தது அவர் போட்டிருந்த முக்காடும், பதினோரு மணிக்குள் கரையேறும் பழக்கமுமாகத்தான் இருக்கும்.

நெய்தல்மகள் | பகல் 12.15

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை குளித்துவிட்டார், ஈரத்துணி போட்டிருக்கிறோம், இரண்டு சொம்பு நீர்மோர் உள்ளே போயிருக்கிறது. தலைவலி குறைந்துவிட்டது. நடுவில் அத்தை மனசு கேட்காமல் ஃப்ரிஜ் தயிரைப் பூசிவிட்டார். முதலில் சுகமாக இருந்தது, காய்ந்ததும் தோலைப் பிடித்து இழுக்கிறது என்கிறார். தயிர் நல்லதா கெட்டதா? சந்தனம் அரைத்துப் போடலாமா?

வார்டுசிஸ்டர் | பகல் 12.40

தயிரின் நன்மை அதன் குளிர்ச்சியில்தான். தோல் கிழியாமல், கொப்புளம் இல்லாமல் இருந்தால் புளிக்காத தயிரைப் போடலாம். ஆனால் காய விடக் கூடாது. ஐந்து பத்து நிமிடத்தில் தண்ணீர் ஊற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் இழுக்கும், ராத்திரி முழுக்க விட்டால் நாற்றமும் கிருமியும்தான். அதைவிட எளிது, குளிர்ந்த பாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் துணி நனைத்துப் போடுவது. அத்தை மனசும் ஆறும், தேய்த்துக் கழுவும் வேலையும் இல்லை. கொப்புளம் வந்துவிட்டால் பால், தயிர், கற்றாழை எதுவும் அதன்மேல் வேண்டாம், சுத்தமான தண்ணீர்த் துணி மட்டும்.

சந்தனம், முல்தானி மெட்டி, மஞ்சள், இந்த மூன்றிலும் எனக்கு ஒரே தயக்கம். பூசும்போது குளிரும், காயும்போது தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும், எடுக்கும்போது தேய்க்க வைக்கும். மஞ்சள் போட்டால் கூடுதலாக ஒரு தொல்லை: தோலின் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கவே முடியாது. சுத்தமான சந்தனக் கட்டையை நீங்களே உரைத்து, தோல் ஆறின பிறகு முகத்துக்குப் போடுவது உங்கள் விருப்பம். கடைப் பொடி எதையும் வெந்த இடத்தில் போடாதீர்கள்.

பசுமலையான் | பகல் 1.10

வெள்ளரிக்காய்?

வார்டுசிஸ்டர் | பகல் 1.14

தாராளமாக. அரைத்து, சாற்றில் துணி நனைத்துப் போடுங்கள். ஆறின கஞ்சித் தண்ணீரும் அப்படியே.

மானாமதுரைமாமா | பகல் 1.30

நான் ஒன்று சொல்கிறேன். தோளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. சூட்டில் வருவது. எங்கள் ஊரில் மண்பாண்டம் செய்கிறவர்கள் வீட்டில் காவி மண் குழைத்து அக்கி எழுதுவார்கள், மூன்று நாள் எழுதினால் இறங்கிவிடும். அங்கே கூட்டிப் போங்கள்.

வார்டுசிஸ்டர் | பகல் 2.05

ஐயா, இதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம் என்று எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அக்கி வேறு, வெயில் வேக்காடு வேறு. அக்கி என்பது, சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் ஒளிந்திருந்து பல வருடம் கழித்து வெளியே வருவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டை போல, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வரும். அதற்கு முன்பே அந்த இடத்தில் குத்தும் வலி, எரிச்சல் இருக்கும். வெயில் வேக்காடு அப்படி இல்லை. வெயில் எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம், இரண்டு தோளிலும், துணி மறைத்த எல்லை கோடு போட்ட மாதிரி தெரிய வரும்.

பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், அக்கிக்குக் கிருமியைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிப் பார்த்துக்கொண்டு மூன்று நாளை விட்டுவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும், வயதானவர்களுக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் தங்கிவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உப்பளத்துமகள் | பிற்பகல் 3.20

தடவுவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, இனி வராமல் பார்த்துக்கொள்வதைச் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. மேலே சூரியன், கீழே வெள்ளை வெளேர் என்று உப்பு, நடுவில் ஆள். மேலிருந்து வருவதை முக்காடு தடுக்கும், கீழிருந்து திருப்பி அடிப்பதைத் தடுக்காது. தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்பக்கமும் வெந்து போன முகங்களை அங்கேதான் பார்க்க முடியும். அதனால்தான் விடிவதற்கு முன்னாலேயே பாத்திக்குள் இறங்கிவிடுவார்கள்.

எங்கள் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வயலிலும் நூறு நாள் வேலையிலும் இதையே பார்க்கலாம். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்த நாட்டிலேயே புத்திசாலித்தனமான உடை. தொளதொளவென்று காற்று உள்ளே போகும், கை மணிக்கட்டு வரை மூடும், காலரைத் தூக்கிவிட்டால் பிடரியும் மூடும். தலையில் துண்டைச் சுற்றி, அதன் நுனியால் காதையும் கழுத்தையும் மறைத்து, மேலே பனை ஓலைத் தொப்பி. இத்தனையும் ஒரு பைசா புதுச் செலவு இல்லாமல்.

துணியிலும் விஷயம் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். நெருக்கமாக நெய்த கைத்தறி நல்லது. சலவையில் நைந்த மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை பெயருக்குத்தான், அது நனைந்துவிட்டால் இன்னும் மோசம், பாதி பாதுகாப்பு போய்விடும். கடலில் நனைந்த வெள்ளை பனியனோடு இரண்டு மணி நேரம் விளையாடுகிற பிள்ளைகளுக்கு உள்ளே வேகும். அடர் நிறச் சட்டை கதிரை அதிகம் தடுக்கும், சூடும் கொஞ்சம் கூடும். கடலுக்கு அடர் நிறம், நடந்து போக வெளிர் நிறத்தில் கனமான துணி என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

தனுஷ்கோடியில் நிழல் என்று ஒன்றும் கிடையாது. காற்று ஓயாமல் அடிப்பதால் சூடே தெரியாது. அந்தக் காற்றுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

சிட்னிவாசி | மாலை 4.10

உப்பளத்து அக்கா சொன்னதுதான் இங்கே ஆஸ்திரேலியாவில் அரசே சொல்லிக்கொடுப்பது. 1981இலிருந்து இங்கே ஒரு பிரசாரம் ஓடுகிறது: சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு. பிறகு நிழலைத் தேடு, கண்ணாடி அணி என்று இரண்டைச் சேர்த்தார்கள். தொப்பி இல்லாத பிள்ளையை மைதானத்தில் விளையாட விடாத பள்ளிகள் ஏராளம். நம் ஊர்ப் பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளை வெறும் தலையோடு அணிவகுப்புப் பழக்குகிறார்கள், ஒரு தொப்பியாவது போட விட்டால் என்ன?

இங்கே வானிலை அறிக்கையில் மழையோடு யூவி குறியீடும், அதாவது புற ஊதாக் கதிரின் பலத்தைக் காட்டும் எண்ணும் சொல்வார்கள். 3ஐத் தொட்டால் தோலை மூட வேண்டும், 8 முதல் மிக அதிகம், 11ஐ எட்டினால் உச்சகட்டம். நம் ஊர் எண்ணையும் பல கைபேசி வானிலைச் செயலிகளில் பார்க்கலாம். ஏப்ரல் நடுப்பகலில் தமிழ்நாட்டில் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

வேதியியல்வாத்தியார் | மாலை 4.45

சிட்னித் தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். நம்மிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: கத்திரி வந்தால்தான் வெயில் என்று. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசியில் முடியும். அது சூட்டின் கணக்கு. தோலை எரிப்பது சூடு இல்லை, புற ஊதாக் கதிர். அது சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னைக்கு ஏப்ரல் 24ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் இல்லா நாள் என்று பள்ளிகளில் குச்சி நட்டுக் காட்டுகிறோமே, அதுதான். அதே நிலை ஆகஸ்டு பிற்பகுதியில் மறுபடி வரும், சென்னைக்கு ஆகஸ்டு 18ஐ ஒட்டி. அப்போது காற்றும் மேகமும் இருப்பதால் யாரும் வெயிலை நினைப்பதே இல்லை. மெல்லிய மேகம் கதிரில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும்.

கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் பரவாயில்லை. உங்களைவிடக் குட்டையாக இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், இல்லை உள்ளே போய்விடுங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஏரிக்கரை | மாலை 5.05

கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிறோம். குளிராகத்தானே இருக்கிறது என்று ஏரியில் படகு ஓட்டிவிட்டு, மறுநாள் மூக்கு உரிந்து நிற்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பார்கள். இங்கே 2,100 மீட்டர். ஊட்டிக்கும் இதே கதைதான். ஸ்வெட்டர் போடுகிறீர்கள், கூடவே ஒரு தொப்பியும் போடுங்கள்.

மதுரைவீரா | மாலை 5.30

இதெல்லாம் வெள்ளைக்காரத் தோலுக்குத்தானே? நம் கருப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வார்டுசிஸ்டர் | மாலை 5.50

கருப்பு நிறமி காப்பாற்றும், உண்மை. ஆனால் முழுக்க இல்லை. நெய்தல்மகள் கொழுந்தனாரே அதற்குச் சாட்சி. நம் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, அதனால் வெந்ததே தெரியாமல் போகிறது. தொட்டால் சூடு, இறுக்கம், சட்டை பட்டால் வலி, வழக்கத்தைவிடக் கருத்துப் போவது, பிறகு உரிவது, இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் பெண்கள் கன்னத்தில் வரும் மங்கு என்ற கருந்திட்டையும் வெயில் கூட்டிவிடும்.

நெய்தல்மகள் | இரவு 8.20

எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிகிறது. உடைத்துவிடலாமா? அடுத்த மாதம் இவர்கள் மறுபடி கடற்கரைக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள், சன்ஸ்கிரீன் எப்படி வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

வார்டுசிஸ்டர் | இரவு 8.45

உடைக்கவே கூடாது. அந்தத் தோல்தான் கிருமியை உள்ளே விடாத கதவு. தானாக உடைந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒட்டாத கட்டுத்துணி லேசாகப் போடுங்கள். தோல் உரியும்போது பிய்க்க வேண்டாம், தொங்குவதை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். உள்ளே வரும் புதுத் தோல் ரொம்ப மென்மையாக இருக்கும், சில வாரங்களுக்கு அந்த இடத்தில் வெயிலே படக் கூடாது.

களிம்பைப் பற்றி வாத்தியார் சொல்லட்டும்.

வேதியியல்வாத்தியார் | இரவு 9.15

பெட்டியில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அது எரிக்கும் கதிருக்கான எண். கூடவே பிஏ+++ என்றோ 'பரந்த பாதுகாப்பு' என்ற பொருளிலோ குறி இருந்தால் ஆழமாக இறங்கும் கதிரையும் தடுக்கும். 30 என்பது சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. அதனால் எண்ணுக்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள், அந்தப் பணத்துக்கு அளவைக் கூட்டிப் பூசுங்கள். பூசும் அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி, நீச்சல் உடையில் இருக்கும் பெரியவரின் உடம்பு முழுவதற்கும் ஏறக்குறைய 35 மில்லி வேண்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் பெட்டியில் போட்ட எண் கிடைக்காது. வெளியே போகக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், கடலிலிருந்து ஏறித் துடைத்த உடனும் மறுபடி பூச வேண்டும். காது மடல், பிடரி, பாதத்தின் மேல்பக்கம், தலை வகிடு, இவற்றை மறப்பார்கள். வண்டிப் பெட்டிக்குள் வைத்த களிம்பு சூட்டில் கெட்டுவிடும்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் களிம்பு வேண்டாம், நிழலும் துணியும்தான்.

ஆனால் களிம்பு பூசிவிட்டோம் என்று பத்திலிருந்து மூன்று வரை கடலில் நிற்க முடியாது. காலை ஆறரைக்குப் போய் ஒன்பதரைக்குள் கரையேறட்டும். இல்லை, நாலு மணிக்கு மேல் இறங்கட்டும். நடுவில் ராமேஸ்வரம் ஊருக்குள் நிழல் தேடிச் சாப்பிட்டுத் தூங்கட்டும்.

காரைக்குடிபெரியவீடு | திங்கள், காலை 6.30

இந்த இழையைப் பார்த்துத்தான் கேட்கிறேன். என் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. வருடா வருடம் மொட்டை மாடியில் வடகம் போடுவார், ஒன்றும் ஆனதில்லை. இந்த வருடம் மட்டும் முன்கையும் கழுத்துக்குக் கீழே முக்கோணமாகவும் வெந்து தடித்திருக்கிறது. அவ்வளவு நேரம் வெயிலில் நிற்கவும் இல்லை. ஏன் இப்படி?

வார்டுசிஸ்டர் | காலை 6.55

அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை ஏதாவது இந்த வருடம் புதிதாக ஆரம்பித்தாரா? அது சில பேருக்குத் தோலை வெயில் தாங்காமல் செய்துவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், இவையும் அப்படித்தான்.

காரைக்குடிபெரியவீடு | காலை 7.20

ஆமாம் சிஸ்டர், பொங்கலுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். அட்டையில் நீங்கள் சொன்ன பெயர் இருக்கிறது. நிறுத்திவிடவா?

வார்டுசிஸ்டர் | காலை 7.26

நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறினால் அது இதைவிட ஆபத்து. மாத்திரை அட்டையையும் அம்மாவையும் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போய்க் கையைக் காட்டுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று அவர் முடிவு செய்யட்டும். மூட்டு வலி, முகத்தில் தடிப்பு ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், வெயில் ஒவ்வாத வேறு நோய்களும் உண்டு. அதுவரைக்கும் ஈரத்துணியும் கற்றாழையும் போதும். வடகத்தை ஏழு மணிக்குள் பிழிந்துவிட்டு அம்மா இறங்கிவிடட்டும், திருப்பிப் போடுவதையும் ஐந்து மணிக்கு எடுப்பதையும் வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.